தகவல் சொல்ல வேண்டியவர்

போலீஸ் ஏட்டு பெயர் எழுதிக்கொண்டிருந்த வரிசையில் அம்சவல்லிக்கு முன்னால் இன்னும் ஏழு பெண்கள் நின்றார்கள்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். உடனே உருவினாள்.

காலையில் அறுபது பேர் அரிவாளோடு பண்ணை வயலில் இறங்கியிருந்தார்கள். உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்புவதற்காகப் பண்ணையார் யார் யார் பெயரிலோ எழுதி வைத்திருந்த நிலம் அது. பத்துக் கட்டு அறுப்பதற்குள் போலீஸ் லாரிகள் வந்துவிட்டன. ஆண்களை வேறு எங்கோ கொண்டுபோனார்கள். பெண்களைக் கீழ்வேளூருக்கு வெளியே ஒரு கல்யாணச் சத்திரத்தில் இறக்கினார்கள். சாயங்காலம் திருச்சி ஜெயிலுக்கு அனுப்புவதாகப் பேச்சு.

ஜெயில் அவளுக்குப் புதிதல்ல. போன வருஷமே பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தவள்தான்.

பயமெல்லாம் அந்த நோட்டில் மூன்றாவதாகக் கேட்கும் கேள்வியின் மேல்தான். பெயர், ஊர், புருஷன் பெயர்.

"உள்ள ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தகவல் சொல்றது? அதுக்குத்தான் கேக்குறேன். சரியாச் சொல்லுங்க" என்று ஏட்டு முதலிலேயே சொல்லிவிட்டார்.

போன தடவை வீரையன் என்று சொல்லியிருந்தாள். ரேஷன் கார்டிலும் அந்தப் பெயர்தான், ஓட்டர் லிஸ்டிலும் அந்தப் பெயர்தான்.

வீரையன் வேதாரண்யத்து உப்பளத்துக்காரன். அவளுக்குத் தாலி கட்டி நாற்பது நாள் அவளோடு இருந்தவன். அவளுக்கு என்ன குறை என்று அவனுக்கும் புரியவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று அம்மா நாகூருக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டி வந்தாள். அவன் வேறு பெண்ணைக் கட்டி மூன்று பிள்ளைகளும் பெற்றுவிட்டான். கெட்டவன் இல்லை. ஆனால் அவள் செத்தால் அவனுக்கு என்ன?

தனக்கு ஒரு குறையும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆறேழு வருஷம் பிடித்தது. அதையும் தனியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. டைபாய்டில் கிடந்தபோது கஞ்சி ஊற்றிய ஆள். புயலில் கூரை பறந்தபோது கீற்று முடைந்து போட்ட ஆள்.

அந்த நிலத்தைப்போலத் தானும் இத்தனை காலம் வேறு யார் பெயரிலோ கிடக்கிறோம் என்று நினைத்தாள்.

ஆனால் கேட்காமல் அந்தப் பெயரைச் சொல்லலாமா? சொன்னால் அந்த ஆள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

நாலு பேர். மூன்று பேர். வீரையன் என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு எழவில்லை.

அவள் முறை வந்தது. பெயரும் ஊரும் சொன்னாள்.

"புருஷன் பேரு?"

"ரத்தினம்."

ஏட்டு எழுதிக்கொண்டார். ஆள் ஆண்களை ஏற்றிய லாரியில் போயிருக்கிறானா என்று நிமிராமலே கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள்.

வரிசையில் அதுவரை இருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. அவள் தெருப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்சவல்லி நகர்ந்து சுவரோரம் நின்றாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. சத்திரத்தை விட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது.

ஏட்டு நோட்டில் அடுத்த வரிக்கு வந்து, அவளுக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் பெயர் கேட்டார்.

பதில் வரவில்லை. ஏட்டு மறுபடியும் கேட்டார். எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

"ரத்தினம்" என்றாள் அந்தப் பெண், தெரு முழுக்கக் கேட்கும் குரலில். "ரத்தினம்னு எழுதுங்க."