சுவருக்கு அந்தப் பக்கம்

கர்தினாலான பிறகு முதல்முறையாக ஊருக்கு வந்த அருளாந்துவுக்குக் கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். காரிலிருந்து இறங்கியவர் பந்தலுக்குள் போகாமல் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். அதன் நடுவே இடுப்பளவுச் சுவர். இந்தப் பக்கம் மேலத்தெருக்காரர்கள், அந்தப் பக்கம் கீழத்தெருக்காரர்கள். அவருடைய அம்மா சவேரியம்மாள் அந்தப் பக்கம் கிடந்தாள். அவள் இறந்தபோது இளம் சாமியாராக இருந்த அவர், இந்தப் பக்கம் இடம் கேட்டார். தரவில்லை.

"பூசைக்கு எல்லாம் தயாரா இருக்கு, ஆண்டகை. கோயிலுக்கு வாங்க" என்றார் மேலத்தெருப் பெரியவர் மிக்கேல்.

"பூசை இங்கதான், எங்கம்மா கல்லறையில."

"எங்க ஆளுங்க அந்தப் பக்கம் வரமாட்டாங்களே!"

"வர்றவங்களுக்கு நற்கருணை தருவேன். நான் செத்தாலும் பேராலயத்துல வைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்கம்மா காலடியில இடம் போதும்."

கீழத்தெரு மொத்தமும் கல்லறைகளுக்கு நடுவே திரண்டது. அவருடைய அக்கா ஆரோக்கியம் அம்மாவின் கல்லறையை முந்தானையால் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். சுவருக்கு அப்பால் நின்ற மிக்கேலை நேராகப் பார்த்தபடி, "பீடம் தயார். ஆரம்பி தம்பி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே" என்று அவர் தொடங்கினார். மேலத்தெருக்காரர்கள் ஒருவரும் சுவரைத் தாண்டவில்லை. நற்கருணை நேரத்தில் மிக்கேலின் மனைவி செருப்பைக் கழற்றினாள். மிக்கேல் அவள் பெயரைச் சொல்லி அதட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் சுவர்மேல் கை ஊன்றினாள். ஆரோக்கியம் போய்க் கை நீட்டினாள்.