இரண்டாம் படியில் பாசி

காய்ச்சலில் மூன்று வாரம் படுத்துவிட்டு இருதயராஜ் வேலைக்குத் திரும்பியபோது, தெய்வசிகாமணி வீட்டு நீச்சல் குளம் பச்சைப் பசேலென்று கிடந்தது.

"பிள்ளைங்க வெளிநாடு போனதுலேருந்து இதுல ஒருத்தரும் இறங்குறதில்ல. பேசாம மண்ணக் கொட்டி மூடிரலாம்," என்றார் கரையில் நின்ற தெய்வசிகாமணி. அவர் மனைவி வேதவல்லி தள்ளி நின்று, நனைந்திருந்த புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

குளோரின் ஊற்றும் முன் பாசியைத் தேய்த்து உதிர்ப்பது இருதயராஜின் வழக்கம். நீளப் பிரஷ்ஷோடு படிகளுக்கு வந்தவனின் கை இரண்டாம் படியில் நின்றுவிட்டது. வழவழவென்று படர்ந்த பச்சைக்கு நடுவே, இரண்டு சிறிய பாதங்களின் அளவுக்கு மட்டும் வெள்ளை ஓடு பளிச்சென்று தெரிந்தது. தினமும் ஒருவர் அங்கேயே கால் நனைத்து உட்கார்ந்தால்தான் பாசி அப்படி வழிவிடும்.

"என்னப்பா, போகமாட்டேங்குதா?"

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியின் கால்களைப் பார்த்தார். அவள் விரல்களை உள்ளிழுத்துக்கொண்டாள்.

"மண்ணு எப்ப சார் கொட்டணும்?"

"அந்தப் படிய இப்பத் தேய்க்காத," என்றபடி அவர் செருப்பைக் கழற்றினார்.

"வழுக்கும், பாத்து இறங்குங்க," என்றாள் வேதவல்லி.