தாய்மாமன்மாரும் ஒரு தேர்தலும்

"அவன் வாறானெண்டால் நான் இப்பவே வெளிக்கிடுறன், கௌரி. பிறகு என்னைக் குறை சொல்லாதை."

பரமேஸ்வரன் சூட்கேசை மாடிப்படியடியில் இறக்கி வைத்துவிட்டார். நேற்று மாலைதான் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியவர். அதற்குள் பயணம் கட்டியாயிற்று.

அடுப்படியில் நின்ற தங்கை சிவகௌரி குசினி வாசலால் எட்டிப் பார்த்தாள். மகன் யதுசனின் தாலிக்குப் பொன்னுருக்கும் நாள். இன்னும் சற்று நேரத்தில் லண்டன் ஹரோவிலுள்ள அந்த வீடு கொள்ளாமல் சனம் வந்துவிடும். தாய்மாமன் இருவரும் சடங்கில் நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல் மறைத்தவளும் அவள்தான். தம்பி வந்திறங்கும் நேரத்தில்தான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னாள்.

"அண்ணை, அவன் உங்கட கூடப்பிறந்தவன். அந்த எலெக்சன் முடிஞ்சு எவ்வளவு காலம்? இன்னும் என்ன கோவம்?"

"அந்தக் கதையை எடுக்காதை."

எடுக்காமல் எப்படி? இருவரும் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறார்கள். பரமேஸ்வரன் மலையோரச் சிற்றூர் ஒன்றில் பெற்றோல் நிலையம் நடத்துகிறார். ரிபப்ளிகன் கட்சியென்றால் உயிர். தம்பி கிருஷ்ணராசா பிலடெல்பியாவில் கல்லூரி ஆசிரியன், எதிர்க்கட்சியான டெமோகிரட்டின் ஆள். "எங்கட மாநிலம் எந்தப் பக்கம் சாயுதோ, முழு நாடும் அந்தப் பக்கம்தான்" என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. ஆகவே தங்கள் ஒற்றை வாக்கில்தான் அமெரிக்கா தொங்குகிறது என்று இருவருமே நம்பினார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் பொழுதுபட்டால் அடிபாடுதான்.

"பாக்டரி பூட்டி வேலை போன சனத்தின்ரை வயித்தெரிச்சல் உனக்கு என்னடா தெரியும்? என்ரை கடையிலை ஒரு கிழமை வந்து நிண்டு பார்!" என்று மூத்தவர் எழுதுவார்.

"நாங்களும் அகதியாய் வந்தனாங்கள்தானே? எங்களுக்குப் பின்னாலை வாறவனுக்குக் கதவைச் சாத்தவோ சொல்லுறியள்?" என்று இளையவன் திருப்பிக் கொடுப்பான்.

வாக்களிப்பு நாளன்று இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் குழுவை விட்டு விலகினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஒரு தேர்தலால் அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டுபட்டுக் கிடப்பதைச் செய்தியில் பார்த்து உச்சுக் கொட்டியவள் சிவகௌரி. தன் கூடப்பிறந்தவர்களும் அப்படி ஆவார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"அவன் உங்களுக்கு என்ன குற்றம் செய்தவன்? அதையாவது சொல்லுங்கோவன்."

பரமேஸ்வரன் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கிவிட்டது.

"அவன் ஒரு குற்றமும் செய்யேல்லை. எனக்கு அவனிலை கோவமுமில்லை."

"அப்ப?"

"வெக்கம், பிள்ளை."

சிவகௌரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாக்குப் போடப் போன அண்டைக்கு, அவன் எழுதினது மண்டைக்குள்ளை நிண்டு குடைஞ்சுது. நான் வந்திறங்கின அண்டைக்கு என்னை ஆரும் மறிச்சுத் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன கதியெண்டு யோசிச்சன். கை தன்ரை பாட்டிலை அவன்ரை பக்கம் போட்டிட்டுது." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விசரன், மூளையில்லாதவன் எண்டெல்லாம் அவனைப் பேசினனான். இப்ப எந்த முகத்தோடை அவனுக்கு முன்னாலை நிக்கிறது? எனக்குப் பொய்யும் வராது. பார்த்த உடனை கண்டுபிடிச்சிடுவான். நீ ஆருக்கும் சொல்லிப்போடாதை."

சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. இவ்வளவு காலமும் பகையென்று நினைத்துக் கும்பிடாத கோயிலில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கியெறிந்தது போலிருந்தது.

கைபேசி அடித்தது. தம்பியைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போன கணவர் ஆனந்தராஜா.

"கௌரி, வாசலுக்கு வந்திட்டம். ஒருக்கா வெளியிலை வாரும். அண்ணை நிக்கிறாரெண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். உம்மட தம்பி காரை விட்டு இறங்கமாட்டானாம்."

அவள் செருப்பையும் போடாமல் ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் கிருஷ்ணராசா பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தான்.

"அக்கா, என்னைத் திருப்பி ஏயார்போர்ட்டிலை விடச் சொல்லுங்கோ. அண்ணையின்ரை முகத்திலை முழிக்க என்னாலை ஏலாது."

"நீயுமோடா? அவர் உன்னோடை கோவமில்லை. இறங்கு!"

"உங்களுக்குத் தெரியாது, அக்கா."

"எனக்குத்தான் எல்லாம் தெரியும்!" கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்தாள். அண்ணன் சொன்னதையும் மீறினாள். "சொல்லக் கூடாதெண்டவர், ஆனால் சொல்லுறன். அவர் உன்ரை கதையைக் கேட்டு உன்ரை கட்சிக்குத்தான் வாக்குப் போட்டவர். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் இவ்வளவு காலமும் உன்னோடை கதைக்கேல்லை. போதுமோ?"

கிருஷ்ணராசா வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"ஐயோ அக்கா! நான் அவரின்ரை கதையைக் கேட்டு அவரின்ரை கட்சிக்கெல்லோ போட்டனான்!"