இரண்டாவது வாளி

"தலைகீழா தொங்க விட்டா தக்காளி காய்க்குமா, இல்ல வவ்வால் பிறக்குமா?"

கேட்டவள் நர்ஸ். பதில் சொல்ல வேண்டியவர் பால்கனியில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்த அவள் கணவர். தொழில் பெயின்டர் என்பதால் காலி வாளிக்கு வீட்டில் பஞ்சமில்லை. சின்னதாக இரண்டு வாளிகளைப் பொறுக்கி, அடியில் ஓட்டை போட்டு, ஓட்டை வழியாகத் தக்காளி நாற்றைக் கீழே விட்டு, மேலே மண்ணை நிரப்பிக் கொக்கியில் மாட்டியிருந்தார். செடிகள் செய்த குற்றம் தெரியாமல் தலைகீழாகத் தொங்கின.

"காய்க்கும், காய்க்கும். தரையில வச்சா நத்தை திங்குது. இப்படி மாட்டினா இடமும் மிச்சம், வேலையும் மிச்சம்."

"வேலை மிச்சம்னா எதுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்டூல் ஏறறீங்க?"

"பாசம்."

அவளுக்குத் தெரிந்து அந்த மனிதர் உயிரையே வைத்திருந்தது சாக்லேட் மேல்தான். அதற்குத்தான் இப்போது தடை. அடுத்த பரிசோதனையிலும் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி உயரச் சாரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்கிறவர், ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே உட்கார்ந்துவிடுவார்.

அன்று முதல் நர்ஸ் வீட்டை வார்டாக மாற்றினாள். டீயில் சர்க்கரை கிடையாது. பிஸ்கட் கிடையாது. "உங்களுக்காக நானும்தான் தொடறதில்ல" என்று அவள் சொன்ன பிறகு அவரால் முணுமுணுக்கவும் முடியவில்லை.

ஒளித்து வைப்பவர்களின் புத்தி அவளுக்கு அத்துப்படி. பழைய பூட்ஸுக்குள் இருந்தது, பிரஷ் பெட்டிக்கு அடியில் இருந்தது, தலையணை உறைக்குள் இருந்தது என்று எல்லாச் சாக்லேட்டையும் தேடிப் பிடித்துக் குப்பையில் போட்டாள்.

"போலீஸ்ல சேர வேண்டியவ நீ. எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ."

"தினம் எத்தனை நோயாளியப் பாக்கறேன்."

அப்படியும், அவள் வீட்டு மெஷினில் பார்த்த வரை, சர்க்கரை இறங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே திரிந்தார். அவளுக்குத்தான் பயம். கால் விரலை இழந்தவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள் அவள். ராத்திரி அவர் குறட்டை விடும்போது போர்வையை விலக்கி அவருடைய பாதங்களைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டூலிலிருந்து இறங்கிய பெயின்டர் புறங்கையால் உதட்டைத் துடைத்தார்.

"என்ன துடைக்கிறீங்க?"

"மண்ணு."

"உதட்டுலயா?"

"தோட்டக்காரன் படற பாடு உனக்கு எங்க தெரியப் போகுது."

அவ்வளவுதான். நர்ஸ் ஸ்டூல் மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, முதல் வாளியை இரண்டு கையாலும் இறக்கினாள். பழைய பேப்பரை விரித்துக் குப்புறக் கவிழ்த்தாள். மண் வந்தது. வேர் வந்தது. ஒரு மண்புழு வந்தது. சாக்லேட் வரவில்லை. தண்டு முறிந்து, அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்த ஒரே தக்காளி உருண்டு மூலைக்கு ஓடியது.

பெயின்டர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். "பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்றார். "அதோ இன்னொண்ணு தொங்குது. அதையும் கவுத்துப் பாத்துடு. அப்படியே என் வயித்தையும் கிழிச்சுப் பாத்துடு."

நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. கட்டின புருஷனை இப்படியா சந்தேகப்படுவது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"வேண்டாங்க. தப்பு என்னுதுதான். இனிமே அந்த வாளிய நிமிர்ந்துகூடப் பாக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பெயின்டர் கொஞ்சம் சீக்கிரமாகவே சமாதானமாகிவிட்டார். "சரி விடு. நீ ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தியே, நாளைக்கு சமையலறைக்குப் பெயின்ட் அடிச்சுடறேன். டப்பா, டின் எல்லாத்தையும் நானே இறக்கி வெளியில வச்சுடறேன்."

"எல்லாத்தையுமா?"

"பரண் மேல இருக்கறது வரைக்கும். ஒண்ணு விட மாட்டேன்."

"சரிங்க" என்றாள். அவள் குரல் உள்ளே போயிருந்தது. பாவம், குற்ற உணர்ச்சி வாட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு பெயின்டர் கடைக்குக் கிளம்பினார்.

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும் வரை நர்ஸ் சமையலறையிலேயே நின்றாள். பிறகு பால்கனிக்கு வந்து, இரண்டாவது வாளிக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். செய்த சத்தியத்தின் சூடுகூட இன்னும் ஆறவில்லை. நுனிக்காலில் எம்பி, வாளிக்குள் வலது கையை விட்டாள்.

விரலில் முதலில் பட்டது மண் இல்லை. பிளாஸ்டிக் உறை சரசரத்தது. இழுத்துப் பார்த்தால் உள்ளே சாக்லேட், விதவிதமாக, பாதி தின்றதும் தின்னாததுமாக.

"அடப்பாவி மனுஷா" என்று தெருவையே கூட்ட வாயைத் திறந்தவள், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டாள்.

பரணில் பருப்பு டின்னுக்குப் பின்னால் இத்தனை மாதமாகப் பத்திரமாக இருந்த அவளுடைய சொந்தச் சாக்லேட் டப்பா, வீட்டில் இனி யாருமே தேடாத ஒரே இடத்துக்குக் குடிபோவதற்காக, அவள் இடது அக்குளில் இடுங்கியபடி காத்திருந்தது.