பவுடர் மாப்பிள்ளை

ஒன்பது மணிக்கு முகம் கழுவினான். துண்டால் ஒற்றினான். க்ரீம் தடவிவிட்டு, அது தோலில் இறங்கும்வரை சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

பிறகு ஜன்னலருகே போய் இரண்டு டப்பாக்களைத் திறந்தான். வெள்ளைப் பவுடர் விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் பூசியதுபோல் காட்டும். லேசாக மஞ்சள் கலந்ததைத் தாடையோரம் தொட்டு வைத்துப் பார்த்தான். நிறம் தனியாகத் தெரியவில்லை. அதையே எடுத்துக்கொண்டான்.

பஞ்சால் தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். நெற்றி, கன்னம், மோவாய், மூக்கு. ஒட்டாத தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டான்.

"பொண்டாட்டி போய் முப்பது நாள்கூட ஆகலை. துரை அலங்காரத்தைப் பாரு!"

வாசலில் மாமியார். பின்னால் காலிப் பையோடு மச்சினி. மகளின் துணிமணிகளை எடுத்துப்போக வந்திருந்தார்கள்.

"வாங்க அத்தை."

"வாங்கன்னு கூப்பிட வாய் வேற இருக்கா உனக்கு?"

மகள் போனதிலிருந்து அவள் வாயில் 'நீங்க' வருவதில்லை.

அவன் ஒரு சின்ன டிவி சேனலில் செய்தி வாசிப்பவன். ஒப்பனைக்கு அங்கே தனி ஆள் கிடையாது. கல்யாணமான மூன்று வருடமும் மனைவிதான் வீட்டிலேயே பவுடர் போட்டு அனுப்பினாள். இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். ஒரு மணிச் செய்தி, அரை மணி நேரம், நேரடி ஒளிபரப்பு. கடைசியில் அவன் வணக்கம் சொன்னால் முடிந்தது, மறுபடி எங்கேயும் போட மாட்டார்கள்.

மாமியார் பீரோவைத் திறந்து புடவைகளை அள்ளிப் பைக்குள் திணித்தாள்.

"ஊர்ல உன்னை என்னன்னு சொல்றாங்க தெரியுமா? பவுடர் மாப்பிள்ளையாம்."

"அந்தப் பேரை வெச்சதே நீதானேம்மா," என்றாள் மச்சினி மெதுவாக.

"நீ வாயை மூடிக்கிட்டு மடி."

அடுத்து அவள் கை பவுடர் டப்பாவுக்குப் போனது.

"இது மட்டும் இருக்கட்டும் அத்தை. வேலைக்கு வேணும்."

"வேலை! அந்த வேலைதானே உனக்குப் பெரிசாப் போச்சு. அவ அங்க ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கிடக்கா, நீ இங்க கேமரா முன்னாடி சிரிச்சுக்கிட்டிருக்கே!"

மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். "போயிட்டு வாங்க, உங்களை விட்டா அங்க யார் இருக்கா?" என்று மனைவியே அனுப்பினாள். ஒன்று இருபதுக்கு அவள் மூச்சு நின்றது. அவனுக்குச் சேதி கிடைத்தபோது ஒன்று நாற்பது.

இதையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. அதன்பிறகு சொல்வதை விட்டுவிட்டான்.

"'அவர் எங்கே, அவர் எங்கே'ன்னு கேட்டுக்கிட்டே உயிர் போச்சுடா. பெத்தவ நான் கேட்டேன்."

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது இதைத்தான். சாப்பிடும்போதும் செய்தி வாசிக்கும்போதும் அவன் காதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். அன்று ஆஸ்பத்திரியில் மச்சினியும் இருந்தாள். அவளிடம் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"ஒரு பவுடராவது ஒழுங்காப் போடத் தெரிஞ்சுதா? அன்னிக்கு மூக்கு மட்டும் எண்ணெய்ச் சட்டி மாதிரி மின்னுச்சு. கட்டினவ இல்லைன்னா உன் மூஞ்சி அவ்வளவுதான்!"

அவன் டப்பாவை மூடினான்.

உண்மைதான். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஓடினான். அலுவலகக் கழிப்பறைக் கண்ணாடியில் அவசரமாகப் பூசியதில் மூக்கு விட்டுப்போனது. செய்தி முடிந்தபிறகுதான் கேமராக்காரர் சொன்னார்.

"அத்தை, அன்னிக்கு ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன்? உன்னை மாதிரியா? அவ கட்டிலை விட்டு ஒரு நிமிஷம் நகரலை நான்."

"அப்போ என் மூக்கை எங்க பார்த்தீங்க?"

புடவை மடித்துக்கொண்டிருந்த மச்சினியின் கை நின்றது. மாமியார் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினாள்.

"நேரமாச்சு. வாடி போகலாம்."

"சொல்லிடும்மா," என்றாள் மச்சினி.

"என்னத்தைடி சொல்லச் சொல்றே?"

"இத்தனை நாளா இவர் நடைப்பிணமாத் திரியறாரு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மாமியார் கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மாமா, அக்கா உங்களைத் தேடவே இல்லை," என்றாள் மச்சினி. "கட்டிலுக்கு நேரா டிவி இருந்துச்சு. ஒரு மணிக்கு அவளே போடச் சொன்னா. நீங்க வந்ததும் சிரிச்சா. 'இவ இப்படிக் கிடக்கும்போது இவனுக்கு என்ன செய்தி வேண்டிக்கிடக்கு'ன்னு அம்மா ரிமோட்டை எடுத்தாங்க. அக்கா அம்மா கையைப் பிடிச்சா. அதுதான் அவ கடைசியாப் பேசினது."

"என்ன சொன்னா?"

மச்சினி அம்மாவைப் பார்த்தாள். மாமியார் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"'நிறுத்தாதேம்மா, அவர் இன்னும் வணக்கம் சொல்லலை.'"