துணைக்கு ஓர் ஆள்

“யப்பா, யாராவது கேட்டா கண்ணு காட்ட வந்தோம்னு சொல்லுங்க.”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைக்கை நிறுத்திவிட்டு மணிராஜ் மறுபடியும் சொன்னான்.

“சரிலே,” என்றார் அய்யாத்துரை. அவர் சட்டையில் பிராந்தி வாடை.

இன்றைக்குக்கூடவா! யாரும் பார்க்கிறார்களா என்று மணிராஜ் திரும்பிப் பார்த்தான்.

நேற்றுவரை வெற்றிலைகூடப் போடாத மனிதர். பருத்திக் காடும் வீடுமாக இருந்தவர். இந்தக் கோடையில்தான் இப்படி ஆகிப்போனார். சொந்த ஊரான இடைசெவலில் தெருவில் தள்ளாடுவதும், பஸ் நிழற்குடையில் படுத்துக் கிடப்பதும், பார்த்தவர்கள் வந்து சொல்வதும்… அவமானம்.

மணிராஜுக்குப் பசுவந்தனையில் பெண் பேசியிருந்தார்கள். “மாப்பிள்ளையோட அப்பா குடிப்பாராமே?” என்று அங்கே விசாரித்தார்களாம். அது காதுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி அவன். முதல் வேலை போய், இப்போதுதான் இன்னொன்று கிடைத்திருக்கிறது. முன்னால் இருந்த மேனேஜர் சரியில்லாத ஆள்.

அவனும் பிராந்தி சாப்பிடுகிறவன்தான். ஆனால் அது வேறு. ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, நண்பர்களோடு. நண்பர்கள் வராத நாளில் தனியாக. தெருவில் ஒருநாளும் விழுந்ததில்லை.

அப்பாவுக்காகப் போனில் தேடாத இடமில்லை. மதுரையில் ஒரு நம்பர் எடுக்கவில்லை; திருநெல்வேலியில் ஒருவர் வேறொரு நம்பர் கொடுத்தார். கடைசியில் கிடைத்த குரல், குடியை விட நினைக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலேயே கூட்டம் நடக்கிறது என்றது.

“பேரு மட்டும் சொன்னாப் போதும் தம்பி. எந்த ஊரு, யாரு மகன், ஒண்ணும் கேக்க மாட்டோம். திறந்த கூட்டம்தான், வீட்டாளுகளும் கூட வரலாம்.”

“எனக்கில்ல சார், எங்கப்பாவுக்கு.”

“யாருக்கா இருந்தாலும் வாங்க தம்பி.”

அய்யாத்துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “நீ பக்கத்துல உக்காந்தா வாரேன். இல்லன்னா நான் வரல.”

கூட்டம் நடக்கும் மாடிக்குப் படி ஏறும் நேரம் பார்த்து, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் கூப்பிட்டுவிட்டார். பசுவந்தனைப் பெண் வீட்டுக்குச் சொந்தக்காரர்.

“என்னடே மணி, அப்பாவும் மகனும் எங்க கிளம்பிட்டீங்க?”

“கண்ணு காட்ட வந்தோம் அண்ணாச்சி.”

“கண்ணா? ஆமா, செவந்துதான் கெடக்கு!” அவர் சிரித்தார். “பொண்ணு வீட்டுக்காரங்க எங்கிட்டதான் விசாரிக்காங்க. நான் என்னத்தடே சொல்ல?”

“உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி,” என்று அய்யாத்துரையும் சேர்ந்து சிரித்தார்.

மணிராஜ் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடி ஏறினான். அவன் கைதான் நடுங்கியது.

டியூஷன் சென்டர் அறை. பெஞ்சுகளில் பத்துப் பதினைந்து பேர். தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்தார். “என் பேரு கொம்பையா. நான் ஒரு குடிநோயாளி.”

“வணக்கம் கொம்பையா,” என்றார்கள் எல்லோரும்.

“நான் ரோட்டுல விழுந்தவன் கிடையாது. கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சா அது கெட்ட பழக்கமே இல்லன்னு நெனச்சேன். வேலை போச்சு. மேனேஜரைத் திட்டுனேன். ரெண்டாவது வேலையும் போச்சு. அந்த மேனேஜரையும் திட்டுனேன்.”

யாரோ சிரித்தார்கள். கொம்பையாவும் சிரித்தார்.

மணிராஜ் முழங்கையால் அப்பாவை இடித்தான். “நல்லாக் கேளுங்க. உங்களுக்குத்தான் சொல்லுதாரு.”

“கேட்டுக்கிட்டுதாம்லே இருக்கேன்.”

ஒவ்வொருவராகப் பேசி முடித்தார்கள். கொம்பையா கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

“புதுசா வந்த பெரியவர் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம். வேண்டாம்னாலும் சரிதான்.”

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். ஊருக்குப் போனதும் பழையபடி தெருவில் கிடப்பார். மணிராஜ் கெஞ்சுவதுபோல் அப்பாவைப் பார்த்தான்.

அய்யாத்துரை துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“எம் பேரு அய்யாத்துரை.”

“வணக்கம் அய்யாத்துரை.”

மணிராஜுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“இன்னைக்கு வரைக்கும் இந்த நாக்குல ஒரு சொட்டு பட்டதில்லய்யா. சட்டையில ஊத்திக்கிட்டேன். தள்ளாடி நடந்தேன். அம்புட்டுதான்.”

முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“யப்பா, என்ன பேசுதீங்க? உக்காருங்க.” மணிராஜ் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

அவர் உட்காரவில்லை.

“இவன எங்க கூட்டிட்டுப் போகணும்னு எனக்குத் தெரியல. நான் படிக்காதவன். கூப்பிட்டாலும் வரமாட்டான். எனக்கு ஒண்ணுன்னா எங்கயாவது தேடிக் கண்டுபிடிச்சு, கூடவே வந்துருவான்னு மட்டும் தெரியும்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் பக்கம் திரும்பாமலே சொல்லி முடித்தார்.

“நான் குடிநோயாளி இல்லய்யா. குடிநோயாளிக்கு அப்பா.”