பால் குடித்த லேப்டாப்

அடிமூடியின் கடைசி ஸ்குரு கழன்றதும் மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தார். முழுதாக ஒரு டம்ளர் பால் நாலு நாளாக உள்ளேயே கிடந்து புளித்துத் திரிந்து, குட்டி விசிறியின் இறக்கைகளில் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கரப்பான், குடித்த இடத்திலேயே மல்லாந்திருந்தது.

"எல்லாம் இவ கைவண்ணம்," என்றார் லெக்சரர், பக்கத்தில் நின்ற மனைவியைக் கட்டைவிரலால் காட்டி. "பாலை மேஜையில வைன்னா லேப்டாப் மேல கொட்டியிருக்கா. வெயில்ல வெச்சா காஞ்சிடும்னு நாலு நாளை வேற ஓட்டிட்டா."

உள்ளே இருப்பது ஆறு வருட ஆராய்ச்சி. இன்று மாலை ஐந்து மணிக்குள் அது வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போகாவிட்டால் பட்டமும் கிடையாது, கல்லூரியில் வேலையும் கிடையாது. இன்னொரு காப்பி இல்லையா என்று மெக்கானிக் கேட்டார். பென்டிரைவில் ஒன்று இருந்ததாம். போன வாரம் சட்டைப் பையோடு சேர்த்து மனைவி அதை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாளாம். சொல்லிவிட்டு லெக்சரர் தானே சிரித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு, மெக்கானிக்கின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைல் திரும்பக் கிடைக்குமா என்று மெல்லக் கேட்டார். கிடைக்கலாம் என்று மெக்கானிக் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. பாவம், வீட்டில் என்ன பாடு படுகிறாரோ என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொரு கட்டியாகச் சுரண்டினார். இரண்டு முறை குமட்டியது. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கித் துடைக்கும்போதுதான் ஒரு விஷயம் உறுத்தியது. மேலே கொட்டிய பால் என்றால் முதலில் கீபோர்டுதானே நனைந்திருக்க வேண்டும்? அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

காற்று போவதற்காக அடியில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் பால் இறங்கியிருந்தது. யாரோ லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, நிதானமாக ஊற்றியிருக்கிறார்கள்.

மெக்கானிக் அதைக் காட்டிக்கொள்ளாமல் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். முக்கால் மணி நேரம் முனகிவிட்டு அது உயிர் பிழைத்தது. ஆனால் ஃபைல்களின் பெயர்கள் அழிந்து, எல்லாம் வெறும் எண்களாக வரிசையில் நின்றன.

"சார், உங்க ஆராய்ச்சியிலேர்ந்து ஏதாவது ஒரு வரி சொல்லுங்க. அதை வெச்சுத் தேடிடறேன்."

லெக்சரர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார். கடல் பாசியைப் பற்றியது என்றார். பாசி எப்படி வளர்கிறது என்பதைப் பற்றியது என்றார். அதற்கு மேல் வரவில்லை. "முந்நூறு பக்கம்யா. மனப்பாடமா பண்ண முடியும்?" மனைவியிடம் திரும்பினார். "டைப் அடிச்சவ நீதானே, சொல்லித் தொலையேன்."

"ஞாபகம் இல்லீங்க."

"பார்த்தீங்களா? இதைக் கட்டிக்கிட்டுத்தான் மாரடிக்கிறேன்."

மெக்கானிக்குக் கணக்கு சரியாகப் பொருந்தியது. இந்த ஆள் ஆறு வருடமாக ஒன்றுமே எழுதவில்லை. கெடு நெருங்கியதும் தானே பாலை ஊற்றிவிட்டுப் பழியைப் பெண்டாட்டி தலையில் கட்டுகிறான். புளித்த பாலைவிட இப்போது இந்த ஆளைப் பார்த்தால்தான் அதிகம் குமட்டியது. அந்த வெறும் டிஸ்க்கை அந்த அம்மாள் கண் முன்னாலேயே திறந்து காட்டிவிடுவது என்ற முடிவோடு, 'பாசி' என்று தட்டினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் வந்து நின்றன.

அட்டவணை, படம், அடிக்குறிப்பு எதுவும் சேதமில்லை. மெக்கானிக்கின் கணக்கு அசடு வழிந்தது. லெக்சரர் மவுஸைப் பிடுங்கி, நேராக நன்றியுரைக்குப் போய் அதை மட்டும் சத்தமாகப் படித்தார். வழிகாட்டி, துறைத் தலைவர், சாயங்காலம் தன்னோடு ஷட்டில் ஆடுகிறவர்கள் வரை எல்லோருக்கும் நன்றி இருந்தது. மனைவிக்கு இல்லை.

"எப்படி வந்திருக்கு பாருங்க. இந்த ஒரு பக்கத்துக்கே ரெண்டு நாள் உட்கார்ந்தேன்," என்றார்.

பேராசிரியரின் மெயில் முகவரியை அவர் சொல்லச் சொல்ல, மெக்கானிக்கே தட்டி, மெக்கானிக்கே அனுப்பினார். மணி நாலு ஐம்பது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றதும் லெக்சரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நன்றி என்ற வார்த்தை அந்த ஒரு பக்கத்தோடு தீர்ந்துபோயிருந்தது போல.

மெக்கானிக் மூன்றாவது தடவையாகக் கையில் சோப்பு போட்டார். நாற்றம் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மாளின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆயுசுக்கும் குத்திக்காட்டப்படுவதிலிருந்து ஒரு அப்பாவிப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு மனசு நிறைந்தது.

"அழாதீங்கம்மா. ஒரு எழுத்துகூடப் போகல. இனிமே இதைச் சொல்லி அவர் உங்களைத் திட்ட முடியாது."

அந்த அம்மாள் மேஜை மேல் கிடந்த விசிறியையே பார்த்தார். "பாலை நான் வேணும்னுதாங்க ஊத்தினேன்."

மெக்கானிக்கின் கையிலிருந்து சோப்பு நழுவியது. "ஏம்மா? அவரோட ஆறு வருஷ உழைப்பாச்சே?"

"அந்த நன்றிப் பக்கம் மட்டும்தாங்க அவர் எழுதினது."